வசதி படைத்தவர் எந்தக் காரில் போகலாம்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

அல்லாஹ் வசதியைக் கொடுத்திருக்கும் சகோதரர்கள் சிலர் தனியாக வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கூட்டத்தில் கேட்கமாட்டார்கள். "ஹஜ்ரத், ஹலாலான வியாபாரம்தான். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். கடனும் இல்லை. பெரிய கார் ஒன்று வாங்கலாமா? வாங்கினால் ஊர் பேசுகிறது. வாங்காவிட்டால் கஞ்சன் என்கிறது."

மார்க்கச் சட்டம் மட்டும் வேண்டுமென்றால் பதில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: கூடும். விலை உயர்ந்த வாகனம் ஹராம் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8-வது வசனத்தில் அல்லாஹ் பேசுகிறான். நீங்கள் ஏறிச் செல்வதற்காக என்பதோடு அவன் நிறுத்தவில்லை, அலங்காரமாகவும் என்று சேர்த்துச் சொல்கிறான். நீங்கள் அறியாதவற்றையும் படைப்பான் என்றும் அதே வசனத்தில் வருகிறது. மோட்டார் வாகனமும் அதில் அடங்கும் என்று பிற்கால அறிஞர்கள் பலர் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆக, வாகனத்தில் அழகு இருப்பதும், அதைப் பார்த்து மனம் மகிழ்வதும் அல்லாஹ் வைத்த இயல்பு. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார் ஆகியவற்றோடு சுகமான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் இப்னு ஹிப்பானில் இருக்கிறது.

பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றதும், "பாருங்கள், துன்யா பிடித்தவன்" என்று முணுமுணுக்கும் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இறங்கியவரின் உள்ளத்தைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் யாரும் இல்லை.

கூடும் என்று சொன்னவுடன் கேள்வி முடிந்துவிட்டதா? கேட்டவருக்கும் அது முடியவில்லை என்று தெரியும். அதனால்தான் தனியாக வந்து கேட்கிறார்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் செய்தி ஒன்றை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உலகப் பணக்காரர்கள் எவ்வளவு எளிய காரில் போகிறார்கள் பாருங்கள் என்று ஒரு பட்டியல். அதில் சொல்லப்படும் சில விஷயங்கள் உண்மைதான். விப்ரோ நிறுவனத்தின் அஸீம் பிரேம்ஜி பல ஆண்டுகள் ஃபோர்டு எஸ்கார்ட் காரையும், பிறகு டொயோட்டா கொரோலாவையும் வைத்திருந்தார். ஐகியா நிறுவனத்தை 1943-ல் தொடங்கிய இங்வார் காம்ப்ராட் ஒரு பழைய வால்வோ 240 காரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓட்டினார். அமெரிக்காவில் தாமஸ் ஸ்டான்லி, வில்லியம் டான்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோடீஸ்வரர்களைப் பற்றி ஆராய்ந்து 1996-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். உண்மையில் சொத்து சேர்த்தவர்களில் பெரும்பாலோர் நாம் கற்பனை செய்யும் ஆடம்பரக் காரில் போவதில்லை, பலர் பயன்படுத்திய காரை வாங்குபவர்கள் என்று அதில் கண்டிருந்தார்கள். பளபளக்கும் காரில் போகிறவரிடம் சொத்து இருக்கும் என்று நினைத்தால், பல சமயம் அங்கே இருப்பது மாதத் தவணைதான்.

இந்தப் பட்டியலைப் பார்த்து "சுப்ஹானல்லாஹ், எவ்வளவு பணிவு!" என்று அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் நிதானிக்க வேண்டும். பிரேம்ஜி 2019-ல் விப்ரோவில் தம்மிடமிருந்த பங்குகளில் மேலும் 34 சதவீதத்தின் பொருளாதாரப் பலனைத் தம் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அன்றைய மதிப்பில் அது 52,750 கோடி ரூபாய். அதற்கு முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் சுமார் 1.45 லட்சம் கோடி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விக்காக அந்த அறக்கட்டளை வேலை செய்கிறது. காம்ப்ராடின் கதை வேறு. வரி அதிகம் என்று 1970-களில் சொந்த நாடான சுவீடனை விட்டு வெளியேறி, பல பத்தாண்டுகள் சுவிட்சர்லாந்தில் இருந்தார். இரண்டு பேரும் ஓட்டியது எளிய கார்தான். ஒருவரின் எளிமை பிறருக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவரின் எளிமையில் எவ்வளவு பிறருக்குப் போனது, எவ்வளவு கைக்குள் நின்றது என்பதைக் காரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அல்லாஹ்வே அறிந்தவன். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பழைய கார் பணிவுக்கும் அடையாளமாகலாம், கஞ்சத்தனத்துக்கும் அடையாளமாகலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ரியா, அதாவது முகஸ்துதி பற்றி எழுதும்போது, ஒட்டுப்போட்ட உடையை அணிந்து தன்னைத் துறவி போலக் காட்டிக்கொள்வதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். உடைக்கு இது பொருந்துமென்றால் வண்டிக்கும் பொருந்தும். "எனக்கு இருக்கிற வசதிக்கு எதையும் வாங்கலாம், ஆனால் பாருங்கள், இன்னும் இந்த மாருதிதான்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டே இருப்பவர், காரின் விலையைக் குறைத்து பெருமையின் விலையை ஏற்றியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. செல்வந்தர் எளிய காரில் போவது அவருக்கு எளிது. அவர் யார் என்று ஊருக்குத் தெரியும். ஏழைக்கு அந்த வசதி இல்லை. நானோ கார் ஞாபகம் இருக்கிறதா? ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, அவர்களுக்குப் பாதுகாப்பான வாகனம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ரத்தன் டாட்டா கொண்டுவந்த கார் அது. 2008 ஜனவரியில் டெல்லியில் அறிமுகமானபோது ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2018-ல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. காரணங்கள் பல. மிக மலிவான கார் என்ற பெயர் அதற்கு விழுந்ததே பெரிய தவறு என்று டாட்டாவே பின்னாளில் சொன்னார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி முதல் தடவையாகக் கார் வாங்குகிறவருக்கு, "இது இல்லாதவனின் கார்" என்ற முத்திரை வேண்டியிருக்கவில்லை. அதே ரத்தன் டாட்டா 2022-ல் மும்பை தாஜ் ஹோட்டலுக்கு ஒரு நானோவில் வந்து இறங்கினார். ஊரே பாராட்டியது. ஒரே கார்தான். அவர் இறங்கினால் எளிமை, ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினால் இல்லாமை.

ஆகவே எளிய காரில் போகும் செல்வந்தரைப் புகழும்போது, தவணைக்கு ஒரு காரை வாங்கிவிட்டுத் திணறும் இளைஞனை மட்டும் ஏளனம் செய்யாதீர்கள். வட்டிக் கடன் பாவம்தான், அதை மழுப்பிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வண்டியைப் பார்த்து மனிதனுக்கு மரியாதை கொடுக்கும் பழக்கத்தை அவன் உண்டாக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் எந்தக் காருக்குக் கதவைத் திறக்க ஓடுகிறோம், எந்தக் காரை ஓரமாக நிறுத்தச் சொல்கிறோம் என்று பார்த்தே அவன் கற்றுக்கொண்டான்.

இனி நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலுக்கு வருவோம். குதிரை மூன்று வகை மனிதர்களுக்கு மூன்று விதமாக அமையும் என்று அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அல்லாஹ்வின் பாதைக்காக வளர்ப்பவருக்கு அது நன்மை. அவர் கயிற்றை நீளமாக விட்டுக் கட்ட, அது மேய்ந்ததும் குடித்ததும்கூட அவருக்கு நன்மையாக எழுதப்படும். பிறரிடம் கையேந்தாமல் மானத்தோடு வாழ்வதற்காக வைத்துக்கொண்டு, அதன் விஷயத்தில் அல்லாஹ்வின் உரிமையை மறக்காதவருக்கு அது ஒரு திரை. பெருமைக்காகவும் பிறர் பார்ப்பதற்காகவும் முஸ்லிம்களோடு பகைமை கொண்டும் வைத்திருப்பவருக்கு அது சுமை. குதிரையின் இனம், நிறம், விலை எதுவும் இந்த ஹதீஸில் இல்லை. உயர்ந்த சாதிக் குதிரை முதலாமவரிடமும் இருக்கலாம், நோஞ்சான் குதிரை மூன்றாமவரிடமும் இருக்கலாம்.

இதைக் கேட்டவர்கள் கழுதையைப் பற்றியும் கேட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எதுவும் இறங்கவில்லை என்று சொல்லி, அணுவளவு நன்மை செய்தவரும் அணுவளவு தீமை செய்தவரும் அதைக் கண்டுகொள்வார் என்ற கருத்துடைய வசனத்தை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். காருக்கும் தனியாக எதுவும் இறங்கவில்லை. கழுதைக்குச் சொன்ன பதில்தான் நமக்கும்.

பெருமைக்காக என்றால் என்ன? அழகான உடையும் அழகான செருப்பும் ஒருவருக்குப் பிடிக்கிறதே, அது பெருமையா என்று ஒரு தோழர் கேட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் பெருமை என்றும் நபியவர்கள் விளக்கியது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதை வைத்து ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். அந்தக் காரில் ஏறிய பிறகு, முன்னால் சைக்கிளில் போகிறவரைப் பார்த்து ஹாரன் அடிக்கும் விதம் மாறியிருக்கிறதா? பழைய கூட்டாளி கை காட்டினால் கண்ணாடி இறங்குகிறதா? மழை நாளில் தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது ஓரத்தில் நடப்பவருக்காக வேகம் குறைகிறதா? வாகனம் எவ்வளவு உயரமோ அவ்வளவு கவனம் வேண்டும். உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் சிறிதாகத் தெரிவார்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போனபோது நடந்ததாகத் தபரீ உள்ளிட்ட வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வருகிறது. கலீஃபாவின் தகுதிக்கு ஏற்றது என்று ஒரு பாரக்குதிரையைக் கொண்டுவந்து ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். அது தலையை ஆட்டி, குலுக்கிக் குலுக்கி மிடுக்காக நடக்கத் தொடங்கியது. உமர் (ரலி) உடனே இறங்கிவிட்டார்கள். அந்த நடையை அவர்கள் வெறுத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் முதலில் ஏறினார்கள் என்பதுதான். ஏறமாட்டேன் என்று காட்சி நடத்தவில்லை. ஏறி, அது தமக்குள் என்ன செய்கிறது என்று உணர்ந்து, இறங்கினார்கள். டெஸ்ட் டிரைவ் போகும் சகோதரர்கள் என்ஜினை மட்டும் சோதிக்கிறார்கள்!

பெருமை வண்டிக்குள் இருப்பவரை மட்டும் கெடுப்பதில்லை. அல்கஸஸ் அத்தியாயத்தில் காரூனின் சம்பவத்தைக் கவனித்து ஓதுங்கள். அவன் தன் அலங்காரத்தோடு மக்கள் முன் வெளியே வந்தான் என்று சொல்லும் குர்ஆன், எதில் ஏறி வந்தான், எத்தனை குதிரைகள், என்ன பட்டு என்று எதையும் விவரிக்கவில்லை. விரிவுரைகளில் சிலர் அதை நிரப்பியிருக்கிறார்கள். குர்ஆன் பேசுவது வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி. எங்களுக்கும் இப்படிக் கிடைக்கக் கூடாதா என்று ஏங்கிய கூட்டம் ஒன்று. அல்லாஹ்வின் கூலி இதைவிடச் சிறந்தது என்று எச்சரித்த அறிவுடையோர் கூட்டம் இன்னொன்று. பிறகு பூமி அவனையும் அவன் வீட்டையும் விழுங்கியதும், நேற்று ஏங்கியவர்களே தங்களைத் தப்பவைத்ததற்காக அல்லாஹ்வை நினைத்தார்கள். ஒருவர் தம் செல்வத்தைத் தெருவில் ஊர்வலம் விடும்போது, பார்க்கிற நூறு பேர் மனதில் என்ன விதைக்கப்படுகிறது என்பதும் கணக்கில் வருகிறது. "என் பணம், என் கார், உனக்கென்ன?" என்ற வாதத்துக்குக் கஸஸ் அத்தியாயத்தில் இடமில்லை.

நம் திருமணங்களில் இந்த விதை நன்றாக முளைத்திருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஆடி கார். அந்த வாடகை ஒரு நாளோடு போய்விடும். பெண் வீட்டாரிடம் "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி இருந்தால் கௌரவமாக இருக்கும்" என்று சொல்வது இருக்கிறதே, அது கைக்கூலி. மஹர் கொடுக்க வேண்டியவன் சாவியை வாங்கிக்கொண்டு வருகிறான். செல்வந்தர் ஒருவர் தம் மகளுக்குச் சந்தோஷமாகக் கார் கொடுத்ததாகச் சொல்வார். அவர் மனதில் அது அன்பளிப்பாகவே இருக்கட்டும். அதே தெருவில் மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தையல்காரருக்கு மறுநாளே அது விலைப்பட்டியலாகிவிடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவரிடம் ஒரு கோடி ரூபாய் ரொக்கமாக ஓராண்டு இருந்தால் ஜகாத் 2.5 சதவீதம், அதாவது 2.5 லட்சம். அதே ஒரு கோடிக்கு அவர் கார் வாங்கிச் சொந்தப் பயன்பாட்டில் வைத்துக்கொண்டால் ஜகாத் இல்லை. ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபுகளிலும் சட்டம் இதுதான். ஏறிச் செல்லும் வாகனத்தின் மீது மார்க்கம் சுமையை ஏற்றவில்லை. இது அல்லாஹ் கொடுத்த சலுகை. ஆனால் பணம் காராக மாறிய அந்த நிமிடம், ஏழைகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வாய்க்கால் அடைபட்டுவிட்டது என்பதையும் உணர வேண்டும். முதல் கார் தேவை. இரண்டாவது, மூன்றாவது?

முஸ்லிமில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பயணத்தில் இருந்தபோது ஒருவர் தம் வாகனத்தில் வந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கத் தொடங்கினார். அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நபி (ஸல்) அவர்களுக்குப் புரிந்துவிட்டது. உபரியான வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும், உபரியான உணவு வைத்திருப்பவர் உணவில்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். உபரியான எதிலும் எங்களுக்கு உரிமையே இல்லையோ என்று நாங்கள் எண்ணும் அளவுக்கு, என்கிறார்கள் அபூ ஸயீத். தோழர்களிலும் பெரும் செல்வந்தர்கள் இருந்தார்கள். தபூக் படைக்குச் சேணத்தோடும் சாமான்களோடும் 300 ஒட்டகங்களைக் கொடுப்பதாக உஸ்மான் (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற செய்தி திர்மிதீயில் வருகிறது. வசதியுள்ளவர் வாகனங்களை என்ன செய்யலாம் என்பதற்கு அதுவும் ஒரு பதில். இன்று ஒட்டகத்துக்குப் பதில் மஹல்லாவுக்கு ஓர் ஆம்புலன்ஸ், மய்யித் வண்டி, ஒரு விதவையின் மகனுக்குச் சொந்த ஆட்டோ என்று எழுதிக்கொள்ளலாம். பள்ளிவாசல் வாசலில் ஜும்ஆ அன்று நிற்கும் கார்களின் விலையையும், உள்ளே பாங்கு சொல்லும் முஅத்தினின் மாதச் சம்பளத்தையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். (இமாமே இதைச் சொன்னால் தன் சம்பளத்துக்காகச் சொல்கிறார் என்பார்கள். அதனால்தான் முஅத்தின் என்று சொன்னேன்.)

எண் பலகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 786 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கட்டுகிறார்கள். பிஸ்மியை வாயால் சொல்லி ஏற வேண்டும், அதற்குச் செலவே இல்லை. வாகனத்தில் ஏறும்போது ஓத நபியவர்கள் கற்றுத்தந்த துஆ இருக்கிறது. பலகையில் எண்ணை மாட்டச் சொல்லித்தரவில்லை.

துபாயில் 2023 ரமளானில் 'பி 7' என்ற ஒரு எண் பலகை 5.5 கோடி திர்ஹமுக்கு ஏலம் போனது. ஒரு காரின் பலகைக்கு மட்டும் நூறு கோடி ரூபாய்க்கும் மேல். அந்த ஏலப் பணம் நூறு கோடி உணவு என்ற பெயரில் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் திட்டத்துக்குப் போனது. இதை என்ன சொல்வது? எத்தனையோ வயிறுகள் நிறைந்தன, அது நன்மையான காரியம். வாங்கியவரின் உள்ளத்தில் எது முந்தி நின்றது, பசித்த வயிறா, சாலையில் மின்னும் ஒற்றை எண்ணா? தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு பலகை கிடைக்காது என்றால் அந்தப் பணம் அதே வயிறுகளுக்குப் போயிருக்குமா என்ற கேள்வியை மட்டும் அவரவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. யாரும் அதை முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை, முகம் வாடியது. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி. அவர்களே அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாடல் வந்ததும் இரண்டு வருடக் காரைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறவர்களுக்கு, அந்தக் கிராமவாசியின் ஒட்டகம் ஒவ்வொரு ஆண்டும் வந்து முந்திக்கொண்டேதான் இருக்கும்.

தனியாக வந்து கேட்கும் சகோதரருக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதுதான். வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று பேரைப் பாருங்கள். உங்களிடம் வேலை செய்பவர்களில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர், உங்கள் உறவில் வாய்விட்டுக் கேட்காதவர், உங்களுக்குக் கடன்பட்டு உங்களைக் கண்டதும் தெரு மாறிப் போகிறவர். அவர்கள் முன்னால் இந்தக் கார் போய் நிற்கும்போது உங்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்குமா? இருக்கும் என்றால் பிஸ்மி சொல்லி ஏறுங்கள். கூச்சம் வருகிறதென்றால் காரை மாற்றத் தேவையில்லாமலும் போகலாம். அந்த மூவரின் கணக்கை முதலில் நேர் செய்தால் போதும்.

கடைசியாக, நம் பள்ளிவாசல் தெருவைப் பற்றி. தெருவுக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்ற ஹதீஸின் கருத்தை எல்லோரும் அறிவீர்கள், பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதும் அதில் அடக்கம். ஜும்ஆ நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளின் கேட்டை அடைத்து வண்டிகள் நிற்கின்றன. வண்டி பெரிதாகப் பெரிதாகத் தெரு சின்னதாகிறது. அந்த வீடுகளில் நம் மாற்றுமதச் சகோதரர்களும் இருக்கிறார்கள், நோயாளிகளும் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்கு வாகனத்தில் ஏறாமல் நடந்து வருபவரின் ஒவ்வொரு எட்டுக்கும் ஓராண்டு நோன்பு வைத்து நின்று தொழுத நன்மை உண்டு என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. இந்த ஒரு தொழுகைக்கு ஏறாமல் வருவதையே சிறப்பித்துச் சொன்னார்கள். வயதானவர்களும் நோயாளிகளும் தூரத்திலிருந்து வருபவர்களும் வண்டியில்தான் வர முடியும். பக்கத்துத் தெருக்களில் இருப்பவர்கள் அடுத்த வாரம் நடந்து வாருங்கள், வாசலுக்கு அருகிலுள்ள இடத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். இப்போது கேட்டுகளுக்கு முன்னால் வண்டி நிறுத்தியிருப்பவர்கள், ஸலாம் கொடுத்ததும் சுன்னத்தை வீட்டில் தொழுதுகொள்ளலாம், முதலில் வண்டியை எடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.